அமெரிக்காவிற் சரித்திரம் உரைப்போர்

நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வியை ஐந்து கூறாக வகுத்து உரைக்கின்றது. நூலின் இயல்பு, ஆசிரியரின் இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கரின் இயல்பு, பாடங் கேட்கும் முறை என்பன அவை. எழுத்தையும் சொல்லையும் கற்பிக்க வந்த இலக்கணநூல் இவ்வளவு தூரஞ் சுற்றிவந்து தொடங்குவானேன் என்று பிரவேச பண்டித வகுப்பிலே யாராவது ஒருவர் ஆண்டுதோறும் என்னைக் கேட்பதுண்டு. ஐந்தினுள் ஒன்றே நூலுக்கு உரியது. ஏனைய நான்கும் உரைப்போரையும் கேட்போரையும் பற்றியன என்று சுட்டிக்காட்டுவேன். சிலர் விளங்கிக்கொள்வர், சிலர் இது பரீட்சையில் வருமா என்று கேட்பர்.

இவ்வைந்தையும் அளவுகோலாகக் கொண்டு, ஐக்கிய அமெரிக்காவின் பள்ளிகளிலே சரித்திரபாடம் பட்ட பாட்டினை அண்மையிற் சில மாதங்களாக வாசித்துவந்தேன். அந்நாட்டார் நூலைப்பற்றி நூறாண்டுக்கு மேலாக வழக்காடியிருக்கின்றனர். அந்நூலை வகுப்பறையில் நின்று உரைப்பவரைப்பற்றி அவர்கள் சிந்தித்த காலமோ மிகச் சிறிது. அந்தச் சிறிய காலத்தைப்பற்றி எழுதவே எழுதுகோல் எடுத்தேன். அமெரிக்கப் பள்ளிக்கூடத்தைப்பற்றி எமக்கென்ன என்று வாசகர் வினவுதல் கூடும். 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே செமினரி நிறுவி யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மேலைத்தேயக் கல்வியைத் தந்தவர்கள் அமெரிக்க மிஷனரிமார். எம் வீட்டுத் திண்ணைக்கு வந்து கற்பித்தவர்களின் சொந்த வீட்டிலே கல்வி எங்ஙனம் நடக்கின்றது என்று எட்டிப்பார்ப்பதில் குற்றமில்லை.

முதலில் அங்குள்ள அமைப்பைச் சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து ஒரு பாடத்திட்டம் புறப்பட்டு நாடெங்கும் சென்று சேரும் வழக்கத்திற் பழகிய எமக்கு அது விளங்குவது கடினம். அமெரிக்க அரசியல் யாப்பிலே கல்வி என்ற சொல்லே இல்லை. கல்வி ஐம்பது மாநிலங்களின் பொறுப்பு. அவற்றுள்ளும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் தத்தம் சபைகளால் ஆளப்படுகின்றன. இன்ன பாடத்தை இப்படிக் கற்பி என்று கட்டளையிடுவதற்கு மத்திய அரசாங்கத்துக்குச் சட்டமே தடை விதித்திருக்கின்றது. ஆதலின் ஒரு மாநிலத்தில் ஒரு வகுப்பில் வரும் பாடம் அடுத்த மாநிலத்தில் வேறு வகுப்பில் வரும். வேறு கண்ணோட்டத்திலும் வரும்.

இத்தகைய நாட்டிலே, எதைக் கற்பிப்பது என்ற கேள்விக்கு முடிவான விடை கிடையாது என்பது வெளிப்படை. ஆயினும் அக்கேள்வியை அவர்கள் விட்டபாடில்லை. 1892ஆம் ஆண்டு ஹாவாட் பல்கலைக்கழகத் தலைவர் சார்ள்ஸ் எலியற்றின் தலைமையில் கூடிய பதின்மர் குழு உயர்பள்ளிகளின் பாடங்களை ஆராய்ந்து, சரித்திரத்துக்கு நல்ல இடம் அளித்தது. 1899இல் அமெரிக்க சரித்திரச் சங்கத்தின் எழுவர் குழு அவ்விடத்தை மேலும் உறுதிப்படுத்தியது. 1916இல் வேறொரு குழு வந்து, சரித்திரம், பூமிசாத்திரம், குடியியல் யாவற்றையும் ‘சமூகக்கல்வி’ என்ற ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தது. (எம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் இதனையே செய்தது. யானும் கீழ்வகுப்புகளிற் கற்றது சமூகக்கல்வியே.) 1930களிலே ஹரல்ட் றக் என்னும் பேராசிரியர் எழுதிய சமூகக்கல்வி நூல்கள் நாடெங்கும் பரவின, அவை அமெரிக்கப் பற்றுக்கு மாறானவை என்று சிலர் கொதித்தெழ, 1940களின் தொடக்கத்திற் பள்ளிகள் பல அவற்றைக் கைவிட்டன. நூல்களைத் தீயிலிட்ட ஊரும் உண்டு.

இவ்வழக்குகளின் உச்சம் 1994இல் நிகழ்ந்தது. மத்திய அரசாங்கத்தின் பணஉதவியோடு கலிபோர்ணியாவிலே காரி நாஷ் முதலிய சரித்திரப் பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் கூடியிருந்து, சரித்திரபாடத்துக்கான தேசிய நியமங்களை வகுத்தனர். அவை எவரையும் கட்டுப்படுத்தாதவை. விரும்பிய மாநிலம் எடுத்துக்கொள்ளலாம். அவை வெளிவருமுன்னரே, அம்முயற்சிக்குப் பணம் வழங்கிய நிதியத்தின் முன்னைநாள் தலைவி லின் செய்னி என்பார் ‘வோல் ஸ்திரீற் ஜேர்னல்’ பத்திரிகையில் அவற்றைக் கண்டித்து எழுதினார். யார் பெயர் எத்தனை முறை வருகின்றது என்று எண்ணிப் பார்த்து, நாட்டின் தந்தையர் குறைந்துபோயினர் என்பது அவர் முறையீடு. பெயரெண்ணி நூலை மதிப்பிடும் இம்முறையை எம்மூர் நிகண்டுகாரரும் மேற்கொள்ளார். ஆனால் அதுவே வென்றது. 1995ஆம் ஆண்டு ஜனவரியில் செனற் சபை அந்நியமங்களைக் கண்டித்து 99 வாக்குக்கு ஒரு வாக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு திருத்திய பதிப்பு வந்தது. வந்ததைக் கவனித்தோர் குறைவு.

நூறு பேர் கொண்ட அச்சபையிலே, இப்பாடத்தை உரைக்கப்போகும் ஆசிரியருக்கு அதனை உரைக்கும் ஆற்றல் உண்டா என்ற வினாவுக்கு எத்தனை நாழிகை ஒதுக்கினார்கள்?

உண்மை யாதெனில், அமெரிக்க உயர்பள்ளிகளிற் சரித்திரம் கற்பிப்போருள் மிகப் பலர் பல்கலைக்கழகத்திலே சரித்திரத்தைத் தம் பாடமாகக் கற்றவர் அல்லர். சமூகக்கல்வி என்ற குடை அகன்றது. அதன்கீழ் யாரும் நிற்கலாம். பொருளியல் படித்தவரும் உளவியல் படித்தவரும் ஒரே சான்றிதழோடு உள்நாட்டுப் போரைக் கற்பிக்க அனுமதி பெறுவர். அந்நாட்டிற் குடியேறிய என் பழைய மாணாக்கர் ஒருவர், தம் மகனின் பள்ளியிலே சரித்திர ஆசிரியரை எல்லாரும் ‘கோச்’ என்றே அழைக்கின்றனர் என்று ஒருமுறை எழுதியிருந்தார். காற்பந்துப் பயிற்சியாளரை வேலைக்கு எடுத்து, மீதமுள்ள நேரத்துக்குச் சரித்திர வகுப்பைக் கொடுப்பது பல பள்ளிகளில் நெடுங்கால வழக்கம். அதைப்பற்றி அங்கே பகடிக் கதைகளும் உண்டாம். அப்பயிற்சியாளருள் மிக நல்ல ஆசிரியர்கள் இருத்தல் கூடும் என்பதை மறுக்கவில்லை. சுமை மற்றொன்று. நாளொன்றுக்கு ஐந்து வகுப்பு; நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள்; அத்தனை பேரின் கட்டுரையையும் திருத்தவேண்டும். அந்நிலையிலே பாடநூலின் அதிகாரத்தை வாசித்து, ஈற்றிலுள்ள வினாக்களுக்கு விடை எழுதச் சொல்வதன்றி வேறு செய்ய எவரால் இயலும்?

2002ஆம் ஆண்டு ஜனவரியிற் கையொப்பமான ஒரு சட்டம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது என்று பெயர்பெற்ற அச்சட்டத்தின்படி, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை. பெறுபேறு குறைந்த பள்ளிக்குத் தண்டனை. சரித்திரத்துக்குப் பரீட்சை இல்லை. ஆரம்ப வகுப்புகளிலே சரித்திரத்தின் நேரம் வாசிப்புக்கும் கணிதத்துக்கும் போய்விட்டது. பரீட்சையில் வருமா என்று கேட்கும் மாணாக்கர் என் வகுப்பில் மாத்திரம் இல்லை. அங்கே பள்ளி அதிபர்மாரே அதனைக் கேட்டனர்.

இவ்வளவுக்கும் நடுவே ஒருவர் ஆசிரியரின் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேற்கு வேர்ஜினியாவின் செனற்றர் றொபேட் பேர்ட் என்பவர் அவர். குழந்தைப் பருவத்திலே தாயை இழந்து, நிலக்கரிச் சுரங்க ஊர்களிலே அத்தை மாமன் கையில் வளர்ந்தவர். 1959 முதல் 2010இல் இறக்கும்வரை செனற் சபையில் இருந்தார். அரசியல் யாப்பின் பிரதி எப்பொழுதும் சட்டைப்பையில் இருக்கும்; உரோமாபுரியின் மூதவையைப்பற்றிச் சபையிலே தொடர் சொற்பொழிவு ஆற்றிய மனிதர். அவரை முழுமையாகக் கூறின் மற்றப் பக்கத்தையும் கூறவேண்டும். இளமையிலே கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் வெறிக் கூட்டத்தில் உறுப்பினராக இருந்தார். 1964இல் குடியுரிமைச் சட்டத்தை மறிக்கப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் நின்று பேசினார். பின்னர் அவற்றுக்காக வருந்திப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சரித்திரத்தை நேசித்தவரின் சொந்தச் சரித்திரம் இப்படி இருந்தது.

2001இல் அவர் முயற்சியால் அமெரிக்க சரித்திரம் கற்பித்தலுக்கான மானியத் திட்டம் உண்டாயிற்று. சரித்திரத்தைச் சமூகக்கல்வியின் ஒரு துண்டாக அன்றித் தனிப்பாடமாகக் கற்பிக்கவேண்டும் என்று அதன் சட்டவாசகத்திலேயே எழுதிவைத்தார். மானியம் நூலுக்கு அன்று, ஆசிரியருக்கு. ஒரு பள்ளி மாவட்டம் தன் அருகிலுள்ள பல்கலைக்கழகத்தையோ நூதனசாலையையோ நூலகத்தையோ துணைசேர்த்துக்கொண்டு விண்ணப்பிக்கவேண்டும். கோடை விடுமுறையிலே ஆசிரியர்கள் சரித்திரப் பேராசிரியரின் முன் மீண்டும் மாணாக்கராய் அமர்ந்தனர். நூல்கள் இலவசமாகக் கிடைத்தன. போர்க்களங்களுக்கும் சுவடிக்கூடங்களுக்கும் சென்றனர். பத்தாண்டுக் காலத்திலே ஏறத்தாழ நூறு கோடி டொலர் இவ்வழியிற் செலவாயிற்று. அந்நாட்டின் பள்ளிச் சரித்திரத்துக்கு அதற்குமுன் இவ்வளவு பெரிய உதவி கிடைத்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. விரும்பினோரே வந்தனர், ஆதலின் ஏற்கெனவே நன்கு கற்றோர் மேலும் கற்றனர், மிகவும் தேவையுடையோர் வீட்டிலிருந்தனர். பிள்ளைகளின் அறிவு எவ்வளவு உயர்ந்தது என்று அளக்கப் புகுந்தோர் உறுதியான விடை காணவில்லை. ஆசிரியர் ஒருவர் கோடையிற் கற்றது எந்தப் பிள்ளையின் உள்ளத்தில், எந்த ஆண்டில் முளைக்கும் என்பதை எந்த அளவையால் அளப்பது? ஆனால் பணம் கொடுப்போர் அளவையையே கேட்பர். 2010 ஜூனில் பேர்ட் காலமானார். 2011இல் தொகை பாதிக்கும் கீழே குறைந்தது. 2012இல் ஒன்றுமே இல்லை. ஒரு மனிதரின் தோளிலே நின்ற மாடம் அவரோடு சாய்ந்தது.

அக்கோடை வகுப்புகளில் ஆசிரியர் கற்றது என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்வேன்; எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. பண்டிதர்களாகிய எமக்கு மூலம் வேறு, உரை வேறு. ஒரு குறளுக்கு மணக்குடவர் ஒன்று சொல்வார், பரிமேலழகர் மற்றொன்று சொல்வார். இருவரும் எக்காலத்தவர், எச்சமயத்தவர், எந்தப் பாடத்தை மூலமாகக் கொண்டனர் என்று ஆராயாமல் யாம் முடிவு செய்வதில்லை. சரித்திரத்தைப் பாடநூல் வழியே மாத்திரம் கற்கும் பிள்ளைக்கோ உரை ஒன்றே கிடைக்கின்றது. அதற்கு மூலம் உண்டு என்பதே தெரியாது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே சாம் வைன்பேர்க் என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் இந்நிலையை மாற்ற முயன்றனர். சரித்திர ஆசிரியர் கையாளத்தக்க பாடங்களை, மூல ஆவணங்களோடு இலவசமாக வெளியிட்டனர்.

அவற்றுள் ஒன்று 1775 ஏப்ரல் 19ஆம் நாள் லெக்சிங்ரன் என்னும் ஊரின் புற்றரையிலே நிகழ்ந்தது பற்றியது. பிரித்தானியப் படை வந்தது, குடியேற்றத்தார் சிலர் துப்பாக்கியோடு அணிவகுத்து நின்றனர், வெடி கேட்டது, எண்மர் மாண்டனர். அமெரிக்கச் சுதந்திரப்போர் அங்கே தொடங்கிற்று. முதலில் சுட்டவர் யார்? பிள்ளைகளின் கையில் இரண்டு ஏடு கொடுக்கப்படும். ஒன்று பிரித்தானியப் படையைச் சேர்ந்த யோன் பார்க்கர் என்னும் இளம் அதிகாரியின் நாட்குறிப்பு. எதிரே நின்றவர்களே ஓரிரண்டு வெடி தீர்த்தனர், அதன்பின்பே எம்மவர் கட்டளையின்றிப் பாய்ந்தனர் என்பது அதன் சாரம். மற்றையது ஏப்ரல் 25இல் 34 குடியேற்றத்தார் சத்தியஞ் செய்து கையொப்பமிட்ட வாக்குமூலம். யாம் கலைந்து செல்லத் திரும்பியபோது முதுகுப்புறத்தே சுட்டனர் என்பது அதன் சாரம். நாட்குறிப்பு எழுதியவர் பிறர் காண்பர் என எண்ணாமல் எழுதினார் போலும். ஆயினும் தம் படையின் ஒழுங்கீனத்தை மறைக்க விரும்பியிருக்கலாம். முப்பத்து நால்வரும் ஒன்றுகூடிச் சத்தியஞ் செய்தனர். ஆயினும் அச்சத்தியம் இலண்டன் மாநகரத்தார் கேட்கவேண்டும் என்றே எழுதப்பட்டது. எதை நம்புவது, எவ்வளவு நம்புவது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை தடுமாறும். அத்தடுமாற்றத்தை நடத்திச்செல்ல ஆசிரியருக்குப் படிப்பு வேண்டும், துணிவும் வேண்டும். விடைப்புத்தகம் இதற்கு உதவாது.

மானியம் போன பின்பும் இத்தகைய முயற்சிகள் அற்றுப்போகவில்லை. செல்வர் இருவர் 1994இல் நிறுவிய கில்டர் லேர்மன் நிறுவனம் கோடைதோறும் ஆசிரியருக்குப் பேராசிரியர்களைக்கொண்டு வகுப்பு நடத்துகின்றது. காங்கிரஸ் நூலகம் தன் சுவடிகளைப் பள்ளிகளுக்குத் திறந்துவிட்டிருக்கின்றது. கிளீவ்லாந்து நகரத்திலே 1974இல் டேவிட் வான் ராசெல் என்னும் பேராசிரியர் 129 மாணாக்கரோடு தொடங்கிய தேசிய சரித்திர தினத்தில் இப்போது ஆண்டுதோறும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பங்குபற்றுகின்றனர். விஞ்ஞானக் கண்காட்சி போன்று சரித்திரத்துக்கும் ஒரு போட்டி அது. பிள்ளை தானே ஒரு பொருளைத் தெரிந்து, மூலங்களைத் தேடி, ஆய்ந்து எழுதிவந்து நடுவர்முன் நிற்கவேண்டும்.

எனினும் நூல் வழக்கு ஓயவில்லை. 2021 முதல் ரெக்சாஸ் முதலிய மாநிலங்கள் பல, இனம், அடிமைமுறை ஆகியவற்றை எவ்வாறு கற்பிக்கலாம், எவ்வாறு கற்பிக்கலாகாது என்று சட்டம் இயற்றின. சொற்கள் தெளிவில்லாதவை, எந்த வாக்கியம் குற்றமாகும் என்று தெரியாமல் ஆசிரியர் சிலர் வாய்மூடினர். ஒரு பக்கத்தார் ஆசிரியர் பிள்ளைகளுக்கு நாட்டு வெறுப்பை ஊட்டுகின்றனர் என்றனர். மற்றப் பக்கத்தார் ஆசிரியர் உண்மையை மறைக்கின்றனர் என்றனர். வகுப்பறையில் நடப்பதை யாராவது கேட்டனரா? அமெரிக்க சரித்திரச் சங்கம் கேட்டது. ஒன்பது மாநிலங்களிலே மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியரை வினவி, 2024இல் அறிக்கை வெளியிட்டது. இரு குற்றச்சாட்டுக்கும் பெரும்பாலும் ஆதாரம் இல்லை என்று கண்டது. பாடநூலையே கதியென்று கொண்டோர் குறைந்துவிட்டனர். பெரும்பாலோர் அரசாங்கச் சுவடிக்கூடங்களும் நூதனசாலைகளும் இலவசமாகத் தரும் ஆவணங்களையே நம்பி, நடுநிலையோடு கற்பிக்க முயல்கின்றனர். அவர்கள் கேட்பது நேரமும் துணையும்.

அதற்கு முன்னரே வந்த கணக்கு இது: 2022ஆம் ஆண்டுத் தேசிய மதிப்பீட்டிலே, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுள் நூற்றுக்குப் பதின்மூவரே நாட்டுச் சரித்திரத்திலே தேர்ச்சி நிலையை எட்டினர், நாற்பதின்மர் அடிப்படை நிலைக்கும் கீழே நின்றனர். 2014இல் 267 ஆக இருந்த சராசரிப் புள்ளி 258 ஆக இறங்கியிருந்தது. இத்தகைய நிலையிலே, 2025 ஏப்ரலில் மானிடக் கலைகளுக்கான தேசிய நிதியம் தன் மானியங்களுட் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. தேசிய சரித்திர தினத்துக்குக் கிடைத்துவந்த பணமும் அவற்றுள் ஒன்று. சில வழக்குகள் நீதிமன்றம் ஏறின.

அரசாங்கத்தின் கை நீளும்போது நீண்டு, மடங்கும்போது மடங்குகின்ற இக்கதையை வாசித்தபோது, அரசாங்கத்தின் கையை ஒருநாளும் காணாத ஒருவரின் நினைவு எனக்கு மேலோங்கியது. காட்டர் வூட்சன் என்பது அவர் பெயர். 1875இல் வேர்ஜினியாவிலே, முன்னர் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தார். பேர்ட் வளர்ந்த அதே மேற்கு வேர்ஜினியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில், அவருக்கு ஒரு தலைமுறை முன்னே கூலிவேலை செய்தார். இருபதாம் வயதளவிலே உயர்பள்ளியிற் சேர்ந்து, 1912இல் ஹாவாட்டிலே சரித்திரத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். கறுப்பின மக்களுள் அங்கே அப்பட்டம் பெற்ற இரண்டாமவர் அவர். வாஷிங்ரன் நகரப் பள்ளிகளிலே ஆசிரியராயிருந்து, தம் மக்களைப்பற்றிப் பாடநூல்கள் யாதும் சொல்லாமையையும், சொன்னவிடத்து இழித்துச் சொன்னமையையும் நேரே கண்டார். 1915இல் ஒரு சங்கம் நிறுவினார். மறு ஆண்டு ஓர் ஆராய்ச்சிச் சஞ்சிகை. 1926 பெப்ரவரியில், அக்கால வழக்குப்படி நீக்கிரோ சரித்திர வாரம் என்று பெயரிட்டு, பள்ளிகளிற் கொண்டாட ஒரு வாரத்தை வகுத்தார். இன்று ஒரு மாதமாக நாடெங்கும் கொண்டாடப்படுவது அதுவே.

அறிஞருக்கெனச் சஞ்சிகை நடத்தியவர் 1937இல் பள்ளி ஆசிரியருக்கென எளிய நடையில் மற்றொரு வெளியீட்டைத் தொடங்கினார் என்பது என் மனத்தைத் தொட்ட செய்தி. தென் மாநிலங்களின் கறுப்பினப் பள்ளிகளிலே ஆசிரியைமாரே பெரும்பாலோர், சம்பளம் சொற்பம், பாடநூல்கள் வெள்ளையர் பள்ளிகளிலே கிழிந்தபின் வந்தவை. அவர்களுக்கு வூட்சன் படங்களும் பாடக்குறிப்புகளும் நூல்களும் அனுப்பினார். 1930களில் லூசியானா மாநிலத்து ஆசிரியை ஒருவர், அரசாங்கம் விதித்த பாடக்குறிப்பை மேசைமேல் விரித்துவைத்து, வூட்சனின் நூலை மடியில் வைத்து வாசித்து உரைத்தாராம். கண் வாசலை அடிக்கடி பார்க்கும். அதிபர் வரும் ஓசை கேட்டால் வாய் மேசைமேல் இருப்பதற்கு மாறிவிடும். பிள்ளைகள் அதனைக் கண்டனர். கண்டு நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர்.

வாஷிங்ரனில் ஒன்பதாம் தெருவிலே 1538ஆம் இலக்க வீட்டில் 1922 முதல் 1950இல் இறக்கும்வரை வூட்சன் தனியே வாழ்ந்தார். மேல்மாடி வசிப்பிடம், கீழே சங்கத்தின் காரியாலயம். அந்த வீட்டை இப்போது அரசாங்கம் நினைவிடமாகப் பேணுகின்றது. அவர் இருந்த நாளிலே, ஊர் பேர் தெரியாத பள்ளிக்கூடங்களிலிருந்து ஆசிரியைமார் எழுதிய கடிதங்கள் அங்கே வந்துசேரும். நூல்களைப் பொதிசெய்து தபாலுக்கு அனுப்பும் வேலையையும் அந்தக் கலாநிதி தம் கையாலேயே செய்தார்.